சாவியோடு அல்ல, டார்ச்சோடு போகவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதக்கணக்கில் காரை நிறுத்திவிட்டு வெளியூர் போகிறவர்களுக்கு, உங்கள் நாளிதழின் வாகனப் பக்கம் உட்பட எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான். வாரம் ஒருமுறை யாரையாவது விட்டு இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள், மேலே ஒரு கவர் போட்டு மூடிவிடுங்கள், போதும். வாகன மின்வேலை பார்ப்பவர்கள் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும் என்பது சரி. போனவர் அங்கே செய்கிற வேலைதான் தப்பு.

முதலில் பேட்டரிக் கணக்கைப் பார்ப்போம். ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுத்து 3 விநாடி சுற்றினால் செலவாவது 0.17 ஆம்பியர்-மணிதான் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). பலரும் பழிபோடும் அந்த ஸ்டார்ட்டில் பெரிய நஷ்டம் இல்லை. பேட்டரியைத் தின்பது வண்டி சும்மா நிற்கும் ஏழு நாள். பூட்டிய காரிலும் அலாரம், ரிமோட் சாவிக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் விழித்தே இருக்கும். கோளாறு இல்லாத காரில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை. 30 என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் 5 ஆம்பியர்-மணி போய்விடும். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும் ஐட்லிங்கில், சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குள் தள்ளுவது 10 ஆம்பியர் என்று தாராளமாகப் போட்டால்கூடப் பத்து நிமிடத்துக்கு 1.7 தான் திரும்பி வரும். ஆக வாரா வாரம் மூன்றரை ஆம்பியர்-மணி பற்று. 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறாவது ஏழாவது வாரத்தில் பாதிக்கு வந்துவிடும்.

அதோடு போகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. சாலையில் ஓடும் வண்டியில் சைலன்சர் கொதிக்கும் சூட்டில் இருப்பதால் அது வெளியே போய்விடும். பத்து நிமிட ஐட்லிங்கில் சைலன்சரின் பின்பாதி சூடேறுவதே இல்லை. தண்ணீர் அங்கேயே தங்கித் தகட்டை உள்ளிருந்து அரிக்கும். கொஞ்சம் இன்ஜின் ஆயிலிலும் கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மோர் போல வெளுப்பாக ஒட்டியிருந்தால், பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். இதற்கெல்லாம் மேல், குளிர்ந்து கிடந்த இன்ஜின் அறையை வாரத்துக்கு ஒருநாள் வெதுவெதுப்பாக்கி எலிக்குப் படுக்கை விரித்துக் கொடுக்கிறோம்.

செய்யவேண்டியது வேறு. நிறுத்துகிற இடத்தில் மின் இணைப்பு இருந்தால், பேட்டரி நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் மெயின்டெனன்ஸ் சார்ஜர் ஒன்றைப் பொருத்துங்கள். 1 முதல் 4 ஆம்பியர் வரை உள்ளது போதும். நிறைந்தபின் 13.2 முதல் 13.6 வோல்ட்டில் தாங்கிப் பிடிக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் 14 வோல்ட்டுக்குக் கீழே இறங்காத பழைய சாதா சார்ஜரை மாதக்கணக்கில் விட்டுவைத்தால், அது பேட்டரித் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்துவிடும். நெகட்டிவ் டெர்மினலில் சிறு பெட்டிபோல சென்சார் உள்ள வண்டிகளில் சார்ஜரின் கறுப்பு கிளிப்பை டெர்மினலில் மாட்டாமல் பாடியின் எர்த் போல்ட்டில் மாட்டவேண்டும். இல்லாவிட்டால் பேட்டரிக்குள் எவ்வளவு போனது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாமலே போகும். 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் 'ரிப்பேர்' முறை உள்ள சார்ஜராக இருந்தால், அந்த முறையை வண்டியோடு இணைந்திருக்கும் பேட்டரியில் தட்டிவிடாதீர்கள்.

மின் இணைப்பு இல்லையென்றால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைப்பதுதான் வழி. இதில் இன்னொரு லாபம் உண்டு. எலி ஒயரைக் கடித்து இரண்டு செம்பும் உரசினாலும் தீப்பிடிக்க அங்கே கரண்ட் இருக்காது. கழற்றுவதற்கு முன் சாவியை எடுத்து, கதவுகளை மூடி, கால் மணி நேரம் பொறுங்கள். கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் வேண்டும். சாவியைச் செருகாமலே திறக்கும் கீலெஸ் வண்டியென்றால் சாவியைப் பத்தடிக்கு அப்பால் கொண்டுபோய் வையுங்கள். பக்கத்தில் சாவி இருக்கும்வரை வண்டி அடிக்கடி கண் விழிக்கும். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி கதவைத் திறக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். பேட்டரி இல்லாத காருக்கு அது ஒன்றுதான் வழி. பூட்டு துருப்பிடித்துக் கிடப்பது மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால், பானட்டைத் திறக்கும் லீவரும் பூட்டிய கதவுக்கு உள்ளேதான் இருக்கும். பேட்டரி டிக்கியில் இருக்கும் கார்களில் டிக்கியைப் பூட்டாமல் லேசாகச் சாத்தி வைப்பது நல்லது.

கழற்றிய பேட்டரியும் தானாக இறங்கும். 25 டிகிரி வெப்பத்தில் மாதம் 3 முதல் 5 சதவீதம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். தகரக்கூரை ஷெட்டில் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் இரண்டு மாதம் தாங்கும். எதுவானாலும் மீட்டர் சொல்வதுதான் கணக்கு. சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் 12.6, 12.7 வோல்ட் என்பது முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. 12.4-ஐத் தொட்டதும் சார்ஜ் போடவேண்டும். காரணம் இது: பேட்டரி இறங்கும்போது இரண்டு வகைத் தகட்டிலும் ஈய சல்ஃபேட் மாவாகப் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து திரும்பிவிடும். வாரக்கணக்கில் விட்டால் அந்த மாவு பெரிய படிகமாக இறுகிப்போய்ச் சார்ஜுக்கு மசியாது. அப்புறம் 12.6 வோல்ட் காட்டினாலும் ஸ்டார்ட்டரைச் சுற்றத் தெம்பு இருக்காது. உறைபனி விழும் ஊர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நிறைந்த பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலி பேட்டரியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மைனஸ் 10-ஐ எட்டுவதற்குள் உறைந்து பெட்டியையே பிளந்துவிடும்.

பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று மரப்பலகை தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்டி மரத்திலும் கடின ரப்பரிலும் இருந்த காலத்துப் பயம் அது. இன்றைய பாலிபுரோப்பிலீன் பெட்டிக்குச் சிமென்ட் தரை ஒன்றும் செய்யாது.

அடுத்தது, கேபிள் மாட்டும் டெர்மினலில் உப்பு பூப்பது. நிறத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வெள்ளையாகவோ சாம்பலாகவோ பூத்திருந்தால் ஈய சல்ஃபேட். அமிலம் டெர்மினலின் ஈயக் கம்பத்தைத் தொட்டிருக்கிறது. நீலப்பச்சையாக இருந்தால் அமிலம் செம்பு வரைக்கும் போய்விட்டது. தமிழில் மயில்துத்தம் என்று பெயரே உண்டு அதற்கு. விஷம். வாயால் ஊதித் தள்ளுகிற வேலை வேண்டாம். அமிலம் வெளியே வரும் வழிகள் மூன்று: அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றியது, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறி ஆவியாகக் கக்குவது, கம்பம் மூடியைத் துளைத்து வரும் இடத்தில் சீல் விட்டுப்போனது. சுத்தம் செய்து ஒரு மாதத்துக்குள் மறுபடி பூத்தால், இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் வோல்ட் அளந்து பாருங்கள். தொடர்ந்து 14.8-ஐத் தாண்டினால் குற்றவாளி, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர். அளவு சரியாக இருந்தும் பூத்தால் சீல் போயிருக்கிறது. அந்தப் பேட்டரியை எத்தனை முறை கழுவினாலும் பூக்கும்.

கழுவும் முறையைச் சொல்லிவிடுகிறோம், அவசரத்தில் தப்புச் செய்வது இங்கேதான். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், வாட்ச், உலோகப் பட்டையுள்ள எதுவும் கையில் வேண்டாம். பல வண்டிகளில் 10 மி.மீ. ஸ்பேனர் போதும். நெகட்டிவ் முதலில் கழற்றவேண்டும். பாசிட்டிவ்வை முதலில் தொட்டால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்ட நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். கம்பத்தைக் கவ்வியிருக்கும் கேபிள் கிளாம்ப் வரவில்லையென்றால் ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பாதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். கம்பம் வெறும் ஈயம். மேலே அசைவது உள்ளே தகட்டோடு பிடித்த இணைப்பை உடைக்கும், சீலையும் கிழிக்கும். நட்டை முழுக்கத் தளர்த்தி, கிளாம்பின் வாயை லேசாக விரித்து, வெந்நீர் ஊற்றி, இடமும் வலமுமாகத் திருகினால் வந்துவிடும்.

250 மில்லி தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்து, மேலே டேப் ஒட்டுங்கள். சோடாத் தண்ணீர் உள்ளே இறங்கினால் அந்த அறையின் அமிலத்தைக் கொன்றுவிடும். பழைய பல்துலக்கியால் தடவினால் நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கும்வரை தடவுங்கள். நுரை வரும்வரை அமிலம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். பிறகு நல்ல தண்ணீர், பிறகு துணி. கிளாம்பின் உள்வட்டத்தையும் கம்பத்தையும் உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பாசிட்டிவ்வை முதலிலும் நெகட்டிவ்வைக் கடைசியிலும் மாட்டி முடுக்குங்கள். கையால் திருகினால் அசையக்கூடாது, அவ்வளவுதான் முடுக்கம். வாஸ்லினோ டெர்மினல் ஸ்ப்ரேயோ இதற்கப்புறம்தான், வெளிப்பக்கம் மட்டும். கம்பத்தில் முதலிலேயே அப்பிக்கொண்டு கிளாம்பை மாட்டுவது வேண்டாம். பேட்டரியைத் தூக்கியிருக்கும்போதே அதன் தட்டையும் அதே சோடாத் தண்ணீரால் கழுவுங்கள். பெயின்ட் உரிந்து தட்டு ஓட்டையாவது மேலே பூத்ததைவிடப் பெரிய செலவு.

குளிர்பானத்தை ஊற்றினால் டெர்மினல் சுத்தமாகிவிடும் என்று ஒரு வித்தை உலவுகிறது. அதில் அமிலம் இருப்பதால் கரைக்கத்தான் செய்யும். அமிலத்தை அமிலத்தால் கழுவுவது ஒருபக்கம் இருக்கட்டும், இன்ஜின் அறை முழுக்கச் சர்க்கரைப் பாகு வழிந்து காய்ந்திருக்கும். எறும்புக்கும் எலிக்கும் அதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது.

மேலே பளபளத்தாலும் கேபிளுக்குள் நோய் இருக்கலாம். கிளாம்பிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிக் கேபிளை மெல்ல வளைத்துப் பாருங்கள். நறநறவென்றாலோ அந்த இடம் மட்டும் உப்பியிருந்தாலோ, திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலச் செம்பிழைகள் அமிலத்தை உறிஞ்சியிருக்கின்றன. உறையைக் கீறினால் பச்சைப் பொடி கொட்டும். சிவந்த செம்பு தெரியும் இடம்வரை வெட்டிப் புது லக் (கேபிளின் உலோக முனை) அடிக்கலாம், நீளம் போதாவிட்டால் கேபிளையே மாற்றவேண்டும். சந்தேகமாக இருந்தால் மீட்டரின் ஒரு முனையைக் கம்பத்தின் தலையிலும் மறுமுனையைக் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் தொடர்பு சரியில்லை. தண்ணீர் மூடி உள்ள பேட்டரியில், சார்ஜ் ஏறி முடிந்தபின் டிஸ்டில்டு வாட்டரைத் தகட்டுக்கு மேல் 10 மி.மீ. நிற்கும்வரை ஊற்றவேண்டும். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும். முன்னதாகவே நிரப்பினால் அது வழிந்து மறுபடி டெர்மினலுக்கே வந்து சேரும். ஆசிட் ஊற்றவே வேண்டாம், வற்றியது தண்ணீர் மட்டும்தான். சார்ஜ் போடும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

இனி எலி. எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அது எதையாவது கொறித்துக்கொண்டேதான் இருக்கும். புதிய ஒயர்களின் உறையில் சோயா சேர்ப்பதால்தான் கடிக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. சோயா வருவதற்கு முன்பும் எலி ஒயர் கடித்தது, ஈயக் குழாயும் கடித்தது. 6 மி.மீ. ஓட்டையில் சுண்டெலி நுழையும், 12 மி.மீ. இருந்தால் எலி நுழையும். கருவுற்று மூன்று வாரத்தில் குட்டி போடும். நீங்கள் மூன்று மாதம் வெளியூரில் இருந்தால் அங்கே எத்தனை தலைமுறை என்று எண்ணிக்கொள்ளலாம்.

அது தங்கும் இடத்தையும் அது வரும் வழியையும் எடுத்துவிடுவதுதான் மருந்து. வாசனை, சத்தம், விஷம் எல்லாம் அதற்கு அப்புறம். வண்டிக்குள் பிஸ்கட் தூள், டிஷ்யூ பேப்பர், குழந்தை இருக்கையின் மடிப்பில் சிக்கிய பண்டம் எதுவும் மிஞ்சக்கூடாது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிறுத்துங்கள். சாக்கு, பழைய துணி, தானிய மூட்டை எதுவும் அந்த ஷெட்டிலேயே வேண்டாம். கவர் விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கவர், எலிக்கு இருட்டுக் கூடாரம். மூடிய ஷெட்டில் கவரே தேவையில்லை. தூசி பொறுக்காதவர்கள் அதைச் சக்கரத்தின் பாதி உயரத்துக்குச் சுருட்டிக் கட்டட்டும். ஷெட்டைப் பூட்டலாம் என்றால் பானட்டையும் திறந்தே வைக்கலாம். வெளிச்சமும் காற்றும் படுகிற இடத்தில் கூடு கட்ட எலி தயங்கும்.

வரும் வழிகளில் மூன்று எல்லோருக்கும் தெரியும்: சைலன்சர் வாய், ஏர் ஃபில்டருக்குக் காற்று இழுக்கும் குழாய், வைப்பருக்குக் கீழே முன்கண்ணாடி அடியில் உள்ள சல்லடை. அந்தச் சல்லடை நேராக ஏசி ஃபில்டருக்கும் காற்று ஊதும் ப்ளோயருக்கும் இறங்குகிறது. நிறுத்துமுன் ஏசியை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றிவிட்டு இக்னிஷனை அணைத்தால் வெளிக்காற்றுக் கதவு மூடியே நிற்கும். நாலாவது வழி பலருக்குத் தெரியாது. பின்பம்பருக்கு உள்ளே, பாடியின் பக்கவாட்டில், கதவைச் சாத்தும்போது உள்ளே அழுந்தும் காற்று வெளியேற ரப்பர் மடல் வைத்த ஜன்னல் ஒன்று இருக்கும். மடல் இறுகியோ கிழிந்தோ இருந்தால் எலி நேராக டிக்கிக்கு வந்துவிடும். இன்ஜின் பக்கமே போகாமல் சீட் ஸ்பாஞ்ச் மட்டும் பிய்ந்திருந்தால் அங்கே தேடுங்கள்.

இந்த வாய்களை 6 மி.மீ.க்கு மேற்படாத கண்ணுள்ள துத்தநாகப் பூச்சுக் கம்பிவலையால் மூடவேண்டும். வலையின் ஓரத்தை மடித்துவிட்டு, ஹோஸ் கிளிப்பாலோ மெல்லிய இரும்புக் கம்பியாலோ கட்டுங்கள். பிளாஸ்டிக் டையை அது ஒரு ராத்திரியில் அறுத்துவிடும். நுரைத்து இறுகும் ஃபோம், துணிப்பந்து இரண்டும் வேண்டாம், அவை எலிக்குக் கூடு கட்டும் சாமான். ஷெட் சுவரின் விரிசலில் இரும்பு நார் அடைக்கலாம். ஏர் ஃபில்டர் குழாயில் மட்டும் அதை வைக்காதீர்கள். துருப்பிடித்து உதிர்ந்த இழை இன்ஜினுக்குள் போகும், இல்லையென்றால் ஏதாவது கனெக்டரில் விழுந்து ஷார்ட் ஆகும். ஒவ்வொரு வலைக்கும் ஒரு சிவப்பு நாடாவை ஸ்டியரிங்கில் கட்டி, எந்த இடம் என்று சீட்டு எழுதி வையுங்கள். சைலன்சர் வாயில் வலையோடு ஸ்டார்ட் அடிப்பவர்களும் உண்டு.

சார்ஜர் வைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தரையிலிருந்து பானட்டுக்கு ஏறும் அந்த ஒயர் எலிக்கு ஏணி. அதை இரும்பு வளைகுழாய்க்குள் விடுங்கள், அல்லது எலி ஏறிவர முடியாதபடி எதையும் தொடாமல் மேலேயிருந்து தொங்கவிடுங்கள்.

விரட்டிகளைப் பற்றி. புதினா எண்ணெய் சில நாளில் ஆவியாகிவிடும். புகையிலை காய்ந்து கூட்டுக்கு மெத்தையாகும். அந்துருண்டையின் வாசனை ஏசிக் குழாயில் ஏறிவிட்டால் மாதக்கணக்கில் போகாது, மூடிய காரில் அந்த ஆவியைச் சுவாசிப்பது எலியைவிட உங்களுக்கே கெடுதல். மண்ணெண்ணெய் தெளிப்பது ரப்பரைக் கெடுக்கும், தீக்கும் வழி. காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவிகளை விற்றவர்களுக்கு, சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2001-இலேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஓரளவு கேட்பது மிளகாய்க் காரம் ஏற்றிய டேப். ஹோண்டா இதை உதிரிபாகமாகவே விற்கிறது. ஏற்கனவே கடிபட்ட ஒயர்க்கட்டில் சுற்றலாம், வண்டி முழுவதற்கும் கட்டுப்படியாகாது. சுற்றியபின் கண்ணைத் தொடாதீர்கள்.

விஷம் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் வகை மருந்தைத் தின்ற எலி சாக நாலைந்து நாளாகும். அதற்குள் அது ப்ளோயர் பெட்டிக்குள் போய்ப் படுத்தால் டேஷ்போர்டைக் கழற்றித்தான் எடுக்கவேண்டும். அதைத் தின்கிற பூனைக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் போகும். அடிக்கும் பொறியே மேல். சுவரோரம், விசைப்பக்கம் சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். அதோடு ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று. வேர்க்கடலையை நூலால் விசையில் கட்டிவிட்டால் நோகாமல் தூக்கிப்போக முடியாது. நான்கு சக்கரத்தைச் சுற்றியும் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள், மாவு தூவினால் தின்றுவிடும். வாரம் ஒருமுறை வருபவர் பார்க்கவேண்டியது அந்தப் பவுடரைத்தான்: சின்னக் கால் தடமும், நடுவில் வால் இழுத்த கோடும். பிறகு பானட்டைத் தூக்கி டார்ச் அடித்து, பேட்டரி மேல்புறம், ஏர் ஃபில்டர் பெட்டியின் ஓரம், பானட் அடியில் ஒட்டிய பஞ்சு மெத்தை மூன்றையும் பார்த்தால் போதும். கடித்த ஒயரில் இரட்டைப் பல் தடம் உளி வைத்ததுபோல இணைகோடாகத் தெரியும். வெடித்துப்போன பழைய உறை சுற்றிலும் சிலந்தி வலைபோலப் பிளந்திருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கூடு கிடைத்தால் கையால் அள்ளவேண்டாம், காய்ந்தபடி பெருக்கவோ வேக்குவம் போடவோ வேண்டாம். எலிக்காய்ச்சல் மூத்திரத்தால் வருவது. சில நாடுகளில் ஹான்டா வைரஸ் புழுதியோடு மூச்சில் போகும். கதவுகளை அரை மணி நேரம் திறந்து போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு காகிதத்தால் எடுத்துப் பையில் கட்டுங்கள். ப்ளீச் உலோகத்தை அரிக்கும், துடைத்தபின் வெறும் தண்ணீரால் மறுபடி துடைக்கவேண்டும். கனெக்டர்களில் ப்ளீச் வேண்டாம், எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் போதும். எலி மூத்திரத்தின் உப்பு பின்களைப் பச்சை பிடிக்கவைக்கும், அதனால் அதை விட்டுவைக்கவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், பேட்டரிக்குப் பக்கத்தில் ப்ளீச் கொண்டுபோகவே கூடாது. கசிந்த அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

கடிபட்ட ஒயரில் இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிவிடுவது ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கிற வேலை. பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டி, அதே கனத்தில் ஒயர் சேர்த்து, உள்ளே பசையுள்ள, சூடுபட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்கவேண்டும். பக்கத்துப் பக்கத்து ஒயர்களின் ஒட்டு ஒரே இடத்தில் வராமல் மேலும் கீழுமாக இருக்கட்டும். முறுக்கிய இரட்டை ஒயரைச் சரிசெய்தபின் அதே முறுக்கோடு விடுங்கள், அது கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் பாதை. மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயரை ஒட்டுப்போடக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஹைபிரிட், மின்சார வண்டிகள் பலவற்றிலும் இதே ஈய-அமில 12 வோல்ட் பேட்டரி உண்டு, மேலே சொன்னது அதற்கும் பொருந்தும். ஆரஞ்சு நிற ஒயரில் பல் தடம் தெரிந்தால் மட்டும் கையை எடுத்துவிட்டு, அந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

ஊர் திரும்பியதும் சாவியைத் திருகும் முன் வரிசை இதுதான். நாடாக்களை எண்ணி வலைகளை எடுப்பது. ஏர் ஃபில்டர் மூடியையும் ஏசி ஃபில்டர் மூடியையும் திறந்து பார்ப்பது. பெட்ரோல் வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பது, ஏனென்றால் பிளாஸ்டிக் பெட்ரோல் குழாயையும் எலி விடாது. பேட்டரிக்குத் தனியே முழுச் சார்ஜ். அதன்பிறகு நெகட்டிவ்வை மாட்டி, இன்ஜினைக் கிளப்பாமல் இக்னிஷன் மட்டும் போட்டு ப்ளோயரை மிகக் குறைந்த வேகத்தில் வைத்துக் கேளுங்கள். சரசரவென்றால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே கூடு இருக்கிறது. கடிகாரமும் ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி ஏற்றமும் மறந்துபோயிருக்கும், ஐட்லிங் சற்று ஏறி இறங்கும். கொஞ்ச தூரம் ஓட்டினால் சரியாகிவிடும். ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்கவேண்டும். முதல் ஓட்டம் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் சைலன்சர் நன்றாகக் காயும்.

பொறிகளை மட்டும் இன்னும் மூன்று வாரம் அப்படியே வைத்திருங்கள். ஏசி ஃபில்டர் மூடியை இரண்டு நாள் கழித்து ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டை இழந்த எலி பழைய இடத்தைத் தேடி வரும்.

இப்படிக்கு,
வாகன மின்பழுது வேலை செய்யும் வாசகர்கள் இருவர்